நைலான் குடித்த மருந்து

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடைவீதிக் கால்வாய் நிரம்பி ஃபார்மசி வாசற்படி வரை தண்ணீர். பழைய செய்தித்தாள், மிதியடி, என் குடை மூன்றும் காலி. மதியம் வரை வாடிக்கையாளர் இரண்டே பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மூன்று மணி சுமாருக்கு ரோ. கூப்பிட்டாள். (ரோஸ்லின், என் மனைவி, பள்ளி ஆசிரியை, இப்போது ஆய்வுப் படிப்புக்காக விடுப்பில். முழுப்பெயர் எழுதினால் நீதிமன்றச் சம்மன் மாதிரி இருக்கிறது, அதனால் ரோ.)

"ஏங்க, வந்துடுச்சு."

"என்ன, மழையா?"

"ரிசல்ட்டுங்க. விளக்கு போட்டு கொஞ்ச நேரம்தான். தண்ணியில மருந்து கிட்டத்தட்ட இல்லவே இல்ல."

அவள் குரல் இப்படி நடுங்கிக் கேட்டது கல்யாணத்தன்று கோயில் பீடத்தில்தான். அன்று பயம். இன்று இல்லை.

சாயங்காலம் கடையை மூடிவிட்டு வீடு. அடுப்பில் மூன்றாவது முறையாகப் பொங்கி வழிந்த நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை அவள் கவனிக்கவே இல்லை. கை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கும் பசி மறந்தது. கொஞ்ச நேரம்.

இந்த வியாழன் அல்ல, அடுத்த வியாழன், ஆய்வுக் குழு முன்னால் அவள் நிற்க வேண்டும். குழுவுக்குத் திருப்தி என்றால் அவள் சோதனைக்கு ஒரு கிளினிக்கின் மொட்டைமாடியைத் தருவார்கள். கிளினிக்கின் கழிவுநீர், நிஜ வெயில், பெரிய கண்ணாடித் தட்டுகள். படிப்பு விடுப்பும் நீளும். திருப்தி இல்லை என்றால் வருட முடிவோடு விடுப்பு தீர்ந்தது. ஜனவரியில் மறுபடி பள்ளிக்கூடம், படிவம் நாலு பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம். பாதி வேலை அலமாரியில்.

நாற்பதைத் தாண்டிய பிறகு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறாள். அந்த மாடி அவளுக்குக் கிடைக்க வேண்டும். வேறு எதுவும் இந்த வருடம் நான் கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

மறக்கக்கூடாதது: ஏசிக்கு ஆளைக் கூப்பிட. இருமல் மருந்து ஸ்டாக். ரோ.வுக்குச் செருப்பு (ஆய்வகத்தில் மூடிய செருப்புதான் போடணுமாம், பழையது வாய் பிளந்துவிட்டது).

கதீஜா ஆன்டி காலையிலேயே வந்துவிட்டார். எங்கள் வரிசையில் ரொட்டி சானாய் கடை வைத்திருப்பவரின் தாயார். முழங்கால் வலி. டைக்ளோஃபெனாக் ஜெல் இவருக்குக் காலை, மாலை, தொழுகைக்கு முன், பின்.

"தம்பி, அந்த ஜெல்லு ஒண்ணு. பெரிய டியூப்."

"போன வாரம்தானே வாங்கினீங்க ஆன்டி?"

"முட்டி ரெண்டு இருக்கு லா."

அவர் ஜெல்லைப் பூசிவிட்டு நேரே குழாயில் கை கழுவுவார். எல்லாரும்தான். விழுங்கிய மாத்திரையிலும் ஒரு பங்கு உடம்பில் நிற்காமல் கழிப்பறை வழியாகப் போகிறது. கழிவுநீர் நிலையம் இதை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டதல்ல. மிச்சம் ஆற்றுக்கு. நான் இந்தப் பக்கம் விற்கிறேன், ரோ. அந்தப் பக்கம் அதையே தண்ணீரிலிருந்து எடுக்கப் பார்க்கிறாள். ஒரே வீட்டில் ஊற்றுகிறவனும் இறைக்கிறவளும். இதை அவளிடம் சொன்னபோது, "கொஞ்சம் கம்மியா ஊத்துங்க," என்றாள்.

மதியம் உதவியாளரிடம் கடையை விட்டுவிட்டு ஸ்கூடாய், ரோ. படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு. சாப்பாடு கொண்டுபோவது சாக்கு. ரிசல்ட்டைப் பெற்ற இடத்தைப் பார்க்க ஆசை. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் லாரிகள், பிறகு ஸ்கூடாய் நெரிசல். சோறு ஆறிவிட்டது.

ஆய்வகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரம், மேலே நீல விளக்கு, சுற்றிலும் அலுமினியத் தாள். உள்ளே ஒரு சின்னக் காந்தம் சுழன்று தண்ணீரைக் கலக்குகிறது. தண்ணீரில் டைக்ளோஃபெனாக், ஆன்டியின் அதே மருந்து. அதில் அவளுடைய மஞ்சள் பொடி.

அந்தப் பொடியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. யூரியாவிலிருந்து செய்கிறாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு உரமாகப் போடுகிற அதே யூரியா, கொஞ்சம் சுத்தமானது. மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்து உலையில் சுடுகிறாள். வெள்ளையாகப் போவது வெளிர் மஞ்சளாக வருகிறது. இருட்டில் அது வெறும் பொடி. வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற மருந்தைத் துண்டு துண்டாக உடைக்கிறது. தான் தீர்ந்துபோவதில்லை. ஒளிவினையூக்கி என்று பெயர். நான் மஞ்சள் பொடி என்றே சொல்கிறேன், அவளும் இப்போது அப்படியே சொல்கிறாள்.

உரத்தையும் வெயிலையும் வைத்து ஆற்றைச் சுத்தம் செய்யலாம் என்று நினைக்க ஒரு மூளை வேண்டும். எனக்கு அந்த மூளை இல்லை, ஆனால் அதைக் கட்டிக்கொள்ளும் அதிர்ஷ்டம் இருந்தது.

பாத்திரத்திலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சுகிறாள். சிரிஞ்சின் முனையில் இருபது காசு அளவுக்கு ஒரு வடிகட்டி. அழுத்தினால் பொடி நின்றுவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் குப்பியில் விழும். பொடி போனால் அளக்கும் மெஷின் அடைத்துக்கொள்ளுமாம். குப்பியை மெஷினில் வைத்தால் எவ்வளவு மருந்து மிச்சம் என்று திரையில் ஒரு மேடு வரும். மேடு குட்டையானால் மருந்து குறைந்தது என்று அர்த்தம்.

முதல் குப்பிக்கு மட்டும் வடிகட்டி இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது ஆரம்பத் தண்ணி. இன்னும் பொடியே போடலயே. எதுக்கு வடிகட்டணும்?"

நியாயம்தான்.

புது வடிகட்டிகள் நீல விளிம்போடு அழகாக இருந்தன. பழைய வகை கடைக்காரரிடம் இல்லையாம், தீபாவளிக்குப் பிறகு இதுதான் வந்ததாம். அதே சமயம்தான் அவள் பொடி சுடும் முறையையும் மாற்றினாள். உலையைக் கொஞ்சம் மெதுவாகச் சூடாக்கினாள். அதிலிருந்து ரிசல்ட் பாய்ந்துவிட்டது.

"அந்த ஒரு மாத்தம்தாங்க," என்று கிண்ணத்தைத் தட்டிக் காட்டினாள்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆறின சோற்றை நானும் பாதி சாப்பிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலைத் திருப்பலி. பிறகு சந்தை. ரோ.வுக்காகப் பெரிய இறால், சம்பலுக்கு. ஐஸ் போட்டு பின்சீட்டில். பிறகு ஜொகூர் பாருவில் மருத்துவமனை. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த அருள்தாஸ் அங்கிளைப் பார்க்க. நிமோனியா, தேறிவருகிறார். கையில் டிரிப்.

திரும்பும்போது காரில் நான்தான் வாயைத் திறந்தேன். டிரிப்பைப் பார்த்ததும் பழைய நினைப்பு. பயிற்சிக் காலத்தில் வார்டில் நடந்ததைச் சொன்னேன். சில மருந்துகளை அந்தப் பிளாஸ்டிக் பையில் ஊற்றக்கூடாது. டயஸிபாம் அப்படி. பையில் சரியான அளவு போடுவோம், நோயாளிக்கு வேலை செய்யாது. டாக்டர் அளவைக் கூட்டச் சொல்வார். கடைசியில் பார்த்தால் மருந்து நோயாளிக்குப் போகவே இல்லை.

"எங்க போச்சு?" ரோ. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டியூப்லதான். பிளாஸ்டிக் குடிச்சிடும். பாக்க தண்ணி சுத்தமாத்தான் இருக்கும், மருந்து மட்டும் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்.

"வண்டிய திருப்புங்க."

"எங்க?"

"ஸ்கூடாய்."

"ரோ, பின்னால இறால் இருக்கு."

"திருப்புங்க."

திருப்பினேன்.

ஆய்வகத்துக்குள் சாப்பாட்டுப் பொருள் கூடாது. அவள் உள்ளே போனாள். நானும் இறாலும் வெளியே. பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக், பிறகு இன்னொன்று, பிறகு ஐஸ் கேட்டு வாங்கி இறால் மேல் கொட்டினேன். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தாள். எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். என் தேநீரை எடுத்துக் குடித்தாள்.

"பொடி போடல. விளக்கு போடல. சும்மா மருந்து கலந்த தண்ணிய அந்தப் புது ஃபில்டர்ல விட்டேன்."

"ம்."

"மருந்து பெரும்பாலும் காணோம்."

"எங்க?"

"ஃபில்டர்லதாங்க. நைலான். நைலான் குடிச்சிருக்கு."

ஆரம்பத் தண்ணீரை வடிகட்டவில்லை. மற்றதை எல்லாம் வடிகட்டினாள். வடிகட்டி பிடித்துவைத்த மருந்தை எல்லாம் பொடி உடைத்ததாகக் கணக்கில் எழுதிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், நியாயம்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து இறாலை முகர்ந்தேன். குப்பைக்கு.

நவம்பர் 10, திங்கள்

மூடுபனி மாதிரி புகை. எங்கோ எரிக்கிறார்கள். தொண்டைக்கு மிட்டாய் கேட்டு நிறையப் பேர்.

ரோ. விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். அவள் கோப்பை கழுவாமல் கிடந்தது. அவள் அப்படி விட்டதே இல்லை.

எனக்கு என் மேல் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை எத்தனையோ பேச இருந்தது. ஃபாதரின் பிரசங்கம் நீளம், இறால் விலை, அருள்தாஸ் அங்கிளின் மருமகள். எல்லாவற்றையும் விட்டு டியூப் கதை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் வியாழக்கிழமை மருந்து இறங்குவதைக் காட்டும் அந்த வரைபடக் கோட்டைக் காட்டியிருப்பாள், மாடி கிடைத்திருக்கும்.

சாயங்காலம் இதையே சொல்லிவிட்டேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். எழுதி வைக்கிறேன்.

"வியாழக்கிழம முடியட்டுமே ரோ. பொடி வேலை செய்யுதுதானே, எவ்ளோன்னுதான் தெரியல. மாடி கிடைச்சப்புறம் நிதானமா திருத்திக்கலாம்."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கதீஜா ஆன்டிக்கு தப்பான டோஸ் குடுத்துட்டீங்கன்னு இன்னிக்கி தெரியுதுன்னு வைங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுத்தா போன் பண்ணுவீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

வெங்காயம் நறுக்கி முடித்தாள். அவள் அழுதது வெங்காயத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

இவளுக்கு நான் ஏற்ற ஆள்தானா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பாத்திரம் கழுவினேன். அவள் கோப்பையும்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை, வெயில், மழை.

ரோ.வின் வழிகாட்டி டாக்டர் லிம். நல்ல மனிதர், வார்த்தைச் சிக்கனம். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாராம். "அலமாக்," என்றாராம், நம் ஐயையோ மாதிரி. பிறகு, நானும் அந்தக் கோட்டைப் பார்த்தேன், எனக்கும் தோன்றவில்லை, என்ன காட்டுவது என்று நீயே முடிவு செய், என்ன முடிவானாலும் நான் பக்கத்தில் உட்காருவேன் என்றாராம்.

இதை ரோ. அவரை மாதிரியே ஆங்கிலத்தில் பேசிக் காட்டினாள். கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஆண்டவருக்கு நன்றி.

பக்கத்து ஆய்வகத்துப் பையன்களிடம் பழைய வகை வடிகட்டி ஒரு கை நிறையக் கடன் வாங்கிவிட்டாள். மருந்தைக் குடிக்காத வகைதானா என்று முதலில் வெறும் மருந்துத் தண்ணீரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாளாம். இனிமேல் அவள் எதையும் நம்பப் போவதில்லை. சாப்பிடும்போது குழம்பை ஒரு மாதிரி பார்த்தாள். வடிகட்டவா என்று கேட்டேன். கரண்டியை ஓங்கினாள். வீடு பழைய நிலைக்கு வருகிறது.

நவம்பர் 12, புதன்

ஏசி ஆள் வந்தார். கேஸ் இல்லையாம். போன முறையும் அதையேதான் சொன்னார்.

ரோ.வுக்குச் சோதனையை ஒரே ஒரு முறை முழுதாக ஓட்டி முடிக்கத்தான் நேரம் இருந்தது. பொடி வேலை செய்கிறது. ஆனால் மெதுவாக. கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது என்று நினைத்த மருந்து ஒரு முழு மதியம் ஆகியும் பாதிக்கு மேல் இருக்கிறது.

"ஒரு தடவ ஓட்டினத ரிசல்ட்டுனு சொல்ல முடியாது," என்றாள்.

"அப்ப என்ன காட்டுவே?"

"தப்ப."

நான் அவள் சட்டையை இஸ்திரி போட்டேன். காலர் நன்றாக வரவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வெளியாட்களும் பின்வரிசையில் உட்காரலாம் என்று டாக்டர் லிம் சொல்லியிருந்தார். உட்கார்ந்தேன். எனக்கு என் வேலை நேர்காணலில்கூட இவ்வளவு பதற்றம் இல்லை.

குழுவில் மூவர். தலைவர் மூக்குக்கண்ணாடிப் பேராசிரியர். இன்னொருவர் கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாமவர் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துப் பெண்மணி, தலையில் பச்சைத் தூடோங் முக்காடு, மடியில் பை.

ரோ. எழுந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில். என் நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

முதல் படமே அந்தக் கோடு. அழகான கோடு, செங்குத்தாக விழுகிற கோடு. பேனாக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல வேகம் என்றார்.

"இது தவறு," என்றாள் ரோ. "இந்தக் கோட்டில் பெரும்பங்கு என் பொடியுடையதல்ல. என் வடிகட்டியுடையது."

அவள் குரல் நடுங்கவில்லை. அடுத்த படத்தில் பொடி இல்லாமல், விளக்கு இல்லாமல், வடிகட்டி மட்டும் செய்த வேலையைக் காட்டினாள். ஆரம்பத் தண்ணீரை ஏன் வடிகட்டவில்லை என்று சொன்னாள். பொடி இல்லை என்பதால் தேவை இல்லை என்று நினைத்தேன், அந்த நினைப்புதான் தவறு என்றாள். வடிகட்டி மாறிய நாளும் பொடி சுடும் முறை மாறிய நாளும் ஒன்றாக விழுந்ததால் பாராட்டு தவறான ஆளுக்குப் போய்விட்டது என்றாள். யாரோ சிரித்தார்கள். அவளும்.

கடைசியில் புதன்கிழமைக் கோடு. சோம்பேறிக் கோடு. ஒரு முறைதான் ஓட்டினேன், இதை ரிசல்ட் என்று கேட்காதீர்கள் என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது," என்றார்.

"மாடிக்குப் போனதும் தெரிந்திருக்கும், சார். அந்தத் தண்ணீர் வடிகட்டிக்குள் போகாது, ஆற்றுக்குத்தான் போகும்."

நான் அந்த அறையில் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. கைக்குட்டையைத் தேடினேன்.

முடிவு: மாடி இன்று இல்லை. டிசம்பருக்குள் எல்லாவற்றையும் திரும்பச் செய்து வர வேண்டும். ஆரம்பத் தண்ணீர், பிறகு எடுப்பது என்று இரண்டு பக்கமும் வடிகட்டி, விளக்கோடு, விளக்கில்லாமல், பொடியோடு, பொடி இல்லாமல். பொடி அப்போதும் வேலை செய்து காட்டினால் பார்க்கலாம். விடுப்புக் கடிதமும் அதுவரை நிறுத்திவைப்பு. "மாடி எங்கேயும் ஓடிவிடாது," என்றார் தலைவர். ஆறுதலா எச்சரிக்கையா தெரியவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அந்தத் தூடோங் பெண்மணி ரோ.வை நிறுத்தினார். மலாயில் ஏதோ கேட்டார். எந்த வகை வடிகட்டி, பெட்டியில் என்ன போட்டிருந்தது. ரோ. பையிலிருந்து நீல விளிம்புள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

காரில் கறிபஃப். ரோ. ஒன்று சாப்பிட்டாள், பிறகு இன்னொன்று, பிறகு அழுதாள். நெடுஞ்சாலை முழுக்க. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை கற்றுக்கொண்டேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னேன். உன்னைப் பார்த்துப் பெருமையா இருக்கு என்று. இப்படி நேரே சொல்லி எத்தனை வருடம் ஆகிறது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காலர சரியா இஸ்திரி போட்டிருந்தா இன்னும் பெருமையா இருந்திருக்கும்," என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஜொகூரில் வெள்ளி சனி வாரவிடுமுறை சனி ஞாயிறு என்று மாறி இவ்வளவு நாளாகியும் வெள்ளிக்கிழமை வந்தால் உடம்பு லீவு கேட்கிறது. கடை திறக்கத் தாமதம்.

ரோ. தூங்கினாள். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மேசையில் ரொட்டி, முட்டை, மூடி போட்டு.

மதியம் மெசேஜ். "ஸ்கூடாய் போறேன்."

நவம்பர் 18, செவ்வாய்

பலத்த மழை. தெப்ராவ் பக்கம் சாலையில் தண்ணீர். ரோ. வீடு வர வெகு நேரம்.

அந்தத் தூடோங் பெண்மணி இன்று அவளை அழைத்தாராம். அவர்கள் கூடத்திலும் ஒரு பெட்டி அதே மாதிரி நைலான் இருந்ததாம். வெறும் மருந்துத் தண்ணீரை விட்டுப் பார்த்தார்களாம்.

"என்ன ஆச்சு?"

"அவங்களோடதும் குடிக்குதாம்."

அந்தப் பெட்டியால் அளந்ததை எல்லாம் எடுத்துத் திரும்பப் பார்க்கிறார்களாம். அவர்களுடைய தண்ணீரில் மருந்து இருப்பதைவிடக் குறைவாகக் காட்டியிருக்கும். அது நல்ல செய்தி இல்லை. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. அவர் ரோ.வை ஒரு நாள் வந்து தன் ஆட்களுக்கு இதைச் சொல்லிக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"எத சொல்லணுமாம்?"

"நான் பண்ணின தப்ப."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். வெட்கமும் சந்தோஷமும். மழையில் தலை நனைந்திருந்தது, துண்டு எடுத்துக் கொடுத்தேன். தவறைச் சொல்ல அழைப்பு வருகிற மனுஷி என் வீட்டில் இருக்கிறாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஏசி ஆளிடம் சொன்னேன், மறுபடி வந்திருந்தார். கேஸ் போடணும் என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

பளிச்சென்று வெயில். கடைவீதிக் கால்வாய் காய்ந்துவிட்டது. புது மிதியடி.

வாங்க வேண்டியது: ரோ.வுக்குச் செருப்பு. இன்னும் வாங்கவில்லை. இறால் (நாளை, ஐஸ் அதிகம்).

காலையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இன்று மூன்றாவது முறை ஓட்டி முடிக்கிறாள். இரண்டு முறை ஏற்கெனவே முடித்தும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றும் ஒத்துவந்தால்தான் வாய் திறப்பாளாம். நான் கேட்டால் கதவைச் சாத்துவாள். கேட்கவில்லை. ஒரு இருமல் மருந்துக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டினேன்.

கதீஜா ஆன்டி. முழங்கால். ஜெல்.

"ஆன்டி, இதப் பூசினா கைய உடனே குழாயில கழுவாதீங்க. முதல்ல ஒரு டிஷ்யூல நல்லா துடைங்க, டிஷ்யூவ குப்பையில போடுங்க. அப்புறம் கழுவுங்க."

"ஏன்?"

"கழுவினா மருந்து எல்லாம் ஆத்துக்குப் போகுது."

"ஆத்துக்கும் முட்டி வலிக்குமா?"

அப்போதுதான் போன். ஆன்டியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

"ஏங்க." மூச்சு வாங்கினாள். மாடிப்படி ஏறி வெளியே வந்து பேசுகிறாள் போல. "இறங்குது."

"எவ்ளோ?"

"மெதுவாதான். ஆனா மூணு தடவையும் ஒரே மாதிரி இறங்குது. விளக்கு இல்லாம வெச்சது அசையவே இல்ல. பொடி இல்லாததும் அப்படியேதான் நிக்குது."

"வடிகட்டி?"

"ரெண்டு பக்கமும் போட்டேங்க. எல்லாத்துக்கும் போட்டேன். இது பொடிதாங்க. பொடியும் வெளிச்சமும் மட்டும்தான்."

நான் ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை. டாக்டர் லிம் இன்றே தலைவருக்கு எழுதுகிறாராம். மாடியில் வெயில் நாள் முழுக்கக் கிடைக்கும், மெதுவான பொடிக்கு அது போதும் என்று எழுதுகிறாராம். போனை வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆன்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு லா போன்ல? மூஞ்சியே மாறிடுச்சு."

"என் ஒய்ஃப் ஆன்டி. உங்க ஜெல்ல தண்ணியிலேர்ந்து எடுக்க வழி கண்டுபுடிச்சிட்டா."

ஆன்டி யோசித்தார். பையைத் திறந்தார்.

"அப்பச் சரி. ரெண்டு டியூபாவே குடுங்க."